இரண்டு முட்டையும் ஆறு விருந்தாளியும்



நம் ஜொகூர்த் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்துவிட்டால், வீட்டுப் பெண் முதலில் எட்டிப் பார்ப்பது அரிசிப் பானையை அன்று, கோழிக்கூண்டை. சோறு எப்படியும் இருக்கும். ரசமோ பருப்போ கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மாமனுக்கும் அத்தைக்கும் தட்டில் 'பொரித்தது' ஒன்று வைக்காவிட்டால் அது விருந்தாகாது. அந்தப் பொரித்தது பெரும்பாலும் முட்டையாகவே இருந்தது. வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப்போட்டு, இரண்டு முட்டையை நாலு பேருக்கோ ஆறு பேருக்கோ வருமாறு சுட்டு, தோசைக்கரண்டியால் துண்டு போட்டுப் பரிமாறுவார்கள்.

இதைப் போய் வரலாறு என்று பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். மன்னர் கட்டிய கோட்டைக்கு மட்டும்தான் வரலாறு உண்டு என்று நாம் பழகிவிட்டோம். சட்டிக்கும் கரண்டிக்கும் அது உண்டு.

முதலில் கோழியைப் பார்ப்போம். ரப்பர்த் தோட்டத்தின் ஓரங்களிலும் செம்பனைக்கு இடையிலும் சில வேளைகளில் கண்ணில் படுகிறதே காட்டுக்கோழி, மலாய்க்காரர் 'ஆயாம் ஊத்தான்' என்கிறார்களே, அந்தச் செந்நிறக் காட்டுக்கோழிதான் உலகத்து வீட்டுக்கோழிகள் எல்லாவற்றுக்கும் மூதாதை. தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் சிறிது கலந்திருக்கிறது. பல வீட்டுக்கோழிகளின் தோல் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகள், மனிதரோடு கோழி வாழ்ந்ததற்கான மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் பயிரான இடத்தைத் தேடிக் காட்டுக்கோழி வந்தது. வந்தது தங்கிவிட்டது. ஐரோப்பாவுக்குக் கோழி போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ கி.மு. 800-இல்தான். ஆக, முட்டைச் சமையலில் இன்று பெரும்பெயர் பெற்ற நாடுகளுக்கெல்லாம் கோழியைக் கொடுத்தது நம் பக்கத்துக் காடு.

பழந்தமிழரும் வீட்டில் கோழி வளர்த்தவர்கள். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வழிநடையாக வரும் பாணருக்கு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியைச் சமைத்துக் கொடுக்கும் செய்தி வருகிறது. வந்தவருக்குக் கோழி அடிப்பது அவ்வளவு பழைய வழக்கம். ஆனால் லயத்து வீட்டில் விருந்தாளிக்கெல்லாம் கோழி அடித்தால் கட்டுப்படியாகுமா? இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது.

காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். மேய்ந்து வளரும் நாட்டுக்கோழி நாற்பது முதல் அறுபது வரை இடும். இன்றைய பண்ணைக் கோழியோ முந்நூறு. நாட்டுக்கோழி சில நாள் இடும், பிறகு அடைகாக்க உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள், குஞ்சுகளோடு திரிய இரண்டு மூன்று மாதம். மூன்று பெட்டைக்கோழி வைத்திருந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூற்றைம்பது முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை அடைக்கு விட வேண்டும். கீரியும் மலைப்பாம்பும் பாதிக் குஞ்சைக் கொண்டுபோகும் என்பதால் அதைக் குறைக்க முடியாது. மிச்சம் எழுபத்தைந்து. வாரத்துக்கு ஒன்றரை முட்டை! ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒன்றரை முட்டை. விருந்தாளிக்காக உடைக்கும் ஒவ்வொரு முட்டையும் ஒரு குஞ்சு, அல்லது ஒரு பிள்ளையின் காலைப் பசியாறல்.

போதாததற்குக் கோழிநோய். வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் நியூகாசில் நோய் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அது வந்தால் லயத்துக்கோழி முழுவதும் ஒரே வாரத்தில் தலை தொங்கிச் செத்துவிடும். இதில் நம் நாட்டுக்குப் பெருமையான செய்தி ஒன்றுண்டு. அப்போது மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் என்று பெயர் கொண்டிருந்த செர்டாங் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஐனி இட்ரிஸ், டாக்டர் லத்தீப் இப்ராஹிம் ஆகியோர், ஆஸ்திரேலியாவின் பேராசிரியர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை 1980-களில் உருவாக்கினார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கம்பத்திலும் தீவனத்தில் கலந்து கோழிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து அது. ஊசி போட ஆள் பிடித்து, கோழியையும் பிடிக்க ஓடிய காலத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

இப்போது முட்டையை நீட்டும் வித்தைக்கு வருவோம். குறைந்த முட்டையைக் கொண்டு நிறையப் பேருக்குப் பரிமாறுவது நம் லயத்து ஏழ்மை கண்டுபிடித்த தந்திரம் என்று நம்மில் பலர் எண்ணிக் கூச்சப்படுவதுண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை. இன்று ஜொகூர் பாருவின் பெரிய ஓட்டல்களில் தடித்த விலைக்குக் கிடைக்கும் ஸ்பெயின் நாட்டு 'தோர்தில்யா' அதே தந்திரம்தான்.

தோர்தில்யா என்றால் சிறு அடை என்று பொருள். மெக்சிகோவில் இதே பெயரில் உள்ள சோள ரொட்டி வேறு. அங்கே போன ஸ்பானியர், தட்டையாகவும் வட்டமாகவும் இருந்ததைக் கண்டு தம் ஊர்ப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். ஸ்பெயினின் தோர்தில்யா உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த கனத்த அடை. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். 1573-ஆம் ஆண்டிலேயே செவில் நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணக்கில் உருளைக்கிழங்கு வாங்கிய குறிப்பு இருக்கிறது. ஆயினும் வெகுகாலம் அதை மாட்டுத் தீவனமாகவும் இல்லாதவர் உணவாகவுமே பார்த்தார்கள்.

இந்த அடையைப் பற்றி ஸ்பெயினில் ஒரு கதை உண்டு. 1835-இல் பில்பாவோ நகரை முற்றுகையிட்ட சுமாலகாரெகி என்னும் தளபதி ஒரு குடியானவப் பெண்ணின் வீட்டில் புகுந்து உணவு கேட்டாராம். அவளிடம் இருந்தது முட்டையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டுமே. மூன்றையும் கலந்து சுட்டுக் கொடுத்தாளாம். தளபதிக்குப் பிடித்துப்போய்ப் படை முழுவதற்கும் அதையே செய்யச் சொன்னாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாறு படிக்கிறவர் கதையின் இனிமையைப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1817-இல், நவார்ரா நாட்டு மன்றத்துக்குப் பெயர் போடாமல் ஒருவர் அனுப்பிய விண்ணப்பம் இருக்கிறது. மலையோர விவசாயிகள் எவ்வளவு வறுமையில் வாழ்கிறார்கள் என்று அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லும் முறையீடு அது. அதில் போகிற போக்கில் ஒரு செய்தி. ஐந்தாறு பேருக்கு இரண்டு மூன்று முட்டைதான் தங்கள் உணவு என்றும், உருளைக்கிழங்கோ ரொட்டித்தூளோ கலந்து சொற்ப முட்டையில் அடையைப் பெரிதாகவும் கனமாகவும் செய்யத் தங்கள் பெண்களுக்குத் தெரியும் என்றும் அவர் எழுதுகிறார். எக்ஸ்திரெமதூரா மாநிலத்தில் அதற்கும் முந்திய 1798-ஆம் ஆண்டுச் சான்று ஒன்றை ஸ்பெயின் ஆய்வாளர் பின்னர் எடுத்துக் காட்டினர். பஞ்சத்துக்கு உதவும் மலிவான உணவைத் தேடியபோது எழுதப்பட்டது அது.

எண்ணிப் பாருங்கள். இன்று ஒரு நாட்டின் பெருமையாக விளங்கும் உணவைப் பற்றிய பழைய எழுத்து, ஒரு வறுமை முறையீடு! அதை உண்டாக்கியவர்கள் 'எங்கள் பெண்கள்'. தளபதியின் பெயர் கதையில் நிற்கிறது. பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இத்தாலியரின் 'ஃபிரித்தாத்தா'வும் இதன் உடன்பிறப்பு. பொரித்தது என்பதே அந்தச் சொல்லின் பொருள். நம் வீட்டில் சொல்லும் 'பொரித்தது' என்ற அதே சொல். தோட்டத்துக் கீரை, வெங்காயம், மிஞ்சிப்போன காய் எதையும் அதில் போடலாம். நேப்பிள்ஸ் நகரத்தார் முதல் நாள் மிஞ்சிய மாவுச்சேமியாவையே முட்டையில் கலந்து கனமாகச் சுட்டுவிடுவார்கள். காரியத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டாய் என்று திட்ட வேண்டுமானால், 'ஃபிரித்தாத்தா பண்ணிவிட்டாய்' என்பது இத்தாலியர் பேச்சு.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் மாநிலத்திலேயே மூன்று இனத்தாரும் முட்டையை நீட்டியிருக்கிறார்கள். சீனர் உப்பிட்டு உலர்த்திய முள்ளங்கியைப் பொடியாக நறுக்கி முட்டையில் அடித்துச் சுடுகிறார்கள். மலாய்க்காரர் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துத் தெலூர் டாடார் செய்கிறார்கள். நம்மவரில் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் முர்தபாக். 'மடித்தது' என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏமன் நாட்டிலும் இன்றும் வழங்குகிறது. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர் கைவழியாக இந்தப் பக்கம் பரவியது. ஜொகூர்க் கடலிடுக்குக்கு அப்பால் சிங்கப்பூரின் நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908-இல் தொடங்கிய ஜம்ஜம் உணவகம் இன்றும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறது. 1924-இல் கடற்பாலம் திறந்த பிறகு இரு கரைக்கும் போக்குவரத்து எளிதாயிற்று. முர்தபாக்கைப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய ரொட்டிக்குள் ஒன்றிரண்டு முட்டை, கைப்பிடி இறைச்சி, மற்றதெல்லாம் வெங்காயம். அங்கும் அதே கணக்கு.

ஆனால் கடையில் காசு கொடுத்துத் தின்பதும் லயத்து வீட்டில் விருந்து வைப்பதும் ஒன்றல்ல. அந்த முட்டைக்குப் பின்னால் ஒரு மானம் இருந்தது. பிரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட ஓடி நிற்க வேண்டியவர்கள் நம் பாட்டன்மார். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியவர்கள். அவர்கள் யாருக்காவது 'வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க' என்று சொல்லும் உரிமை பெற்ற ஒரே இடம் அந்த ஓர் அறையும் திண்ணையும்தான். அங்கே வந்தவர் வெறுஞ்சோறு தின்று போனார் என்று பெயர் வரக் கூடாது.

அந்த மானத்தை யார் தாங்கினார்கள் என்பதையும் பேசத்தான் வேண்டும். வந்தவருக்குப் பெரிய துண்டு, வீட்டு ஆண்களுக்கு அடுத்தது, பிள்ளைகளுக்கு ஓரம் கிள்ளியது. விடிகாலையில் பால்வெட்டப் போய் வந்து அடுப்பு மூட்டிய பெண்ணுக்குச் சட்டியில் ஒட்டிய காந்தல். இதைத் தியாகம் என்று மேடையில் புகழ்கிறோம். புகழ்வதைவிட, இனிமேல் துண்டு போடும்போது அவருக்கும் ஒன்று எடுத்து வைக்கலாம் என்பது என் எண்ணம்.

போர்க்காலம் வந்தது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி. அரிசி அற்றுப்போய் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. பல பத்தாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, மிகப் பலர் திரும்பவே இல்லை. ஆண்கள் இல்லாத லயங்களில் பெண்கள் கிழங்கைப் பிடுங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். ஸ்பெயினின் உருளைக்கிழங்கும் நம் மரவள்ளியும் செய்த வேலை ஒன்றே.

போர் முடிந்து மூன்றே ஆண்டில் அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜொகூர் பட்ட பாடு அதிகம். யோங் பெங், குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் என்று எந்த வட்டாரத்துப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டன. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. அரிசி, தலைக்கு இவ்வளவு என்று பங்கீடு. டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அதைத் துளைத்தே கொடுக்க வேண்டும், வைத்திருந்து வேறு யாருக்கும் கொடுக்க முடியாதபடி. வேலைக்குப் போகிறவர்களை வாயிலில் சோதித்தார்கள். பின்னாளில் சில வட்டாரங்களில் அரிசியை அரிசியாகவே கொடுக்கவில்லை. பொதுவில் சமைத்துச் சோறாக அளந்தார்கள். சோறு மறுநாளே ஊசிவிடும், காட்டுக்குப் போகாது என்பது கணக்கு.

இந்த நிலையில் விருந்தாளி வந்தால்? தலைக்கு எண்ணிய அரிசியில் வந்தவருக்குப் பங்கில்லை. ஒரு பிடி சோறு கூடுதலாகப் பொங்குவதும், ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் சந்தேகத்துக்கு இடமாகிய காலம் அது. விருந்தோம்பல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கும் இனம், வாசலுக்கு வந்த சொந்தக்காரருக்குச் சோறு போட அஞ்சிய ஆண்டுகள் அவை. கூண்டுக்கோழி இட்ட முட்டைதான் அளவுக்கரண்டிக்கு வெளியே நின்றது.

இனி, கனத்த அடையை வீட்டில் செய்ய விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு பேருக்கு நான்கு முட்டை போதும். நடுத்தர உருளைக்கிழங்கு மூன்று, பெரிய வெங்காயம் ஒன்று. கிழங்கையும் வெங்காயத்தையும் மெல்லியதாக அரிந்து, தாராளமாக எண்ணெய் விட்டு, சிவக்காமல் மெதுவாக வேகவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டு அடித்த முட்டையில் அதைச் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஊறல்தான் ரகசியம், கிழங்கு முட்டையை உள்ளே வாங்கிக்கொள்ளும். பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் ஸ்பெயினில் கிடையாது. நமக்கு உண்டு, போடுங்கள். சிறிய இரும்புச்சட்டியில் ஊற்றித் தீயைக் குறையுங்கள். முட்டை ஏறத்தாழ எழுபது டிகிரி சூட்டிலேயே இறுகிவிடும். தீ கூடினால் உள்ளிருக்கும் நீரைக் கக்கித் தோல் போலாகிவிடும். ஓரம் இறுகியதும் சட்டியின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து ஒரே மூச்சில் திருப்பி, மறுபடி சட்டிக்குள் வழுக்கி விடுங்கள். முதல் தடவை கை நடுங்கும். திருப்பப் பயமாக இருந்தால் மூடி போட்டு மேற்புறத்தை வேகவையுங்கள், அது ஃபிரித்தாத்தா ஆகிவிடும், நட்டமில்லை. நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் ஈரமில்லாமல் வர வேண்டும். உருளைக்குப் பதில் மரவள்ளி போடுகிறவர்கள், கிழங்கைத் தோலுரித்து நன்றாக வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் நஞ்சு உண்டு. நம் ஊர் வெக்கையில் செய்த அடையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

இன்று பெரும்பாலான லயங்கள் போய்விட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்பு. கோழிக்கூண்டுக்கு இடமில்லை. முப்பது முட்டைத் தட்டைக் கடையில் வாங்குகிறோம். வாங்கும்போதும் கணக்கு நம்மை விடவில்லை. 2022-இல் சோளம், சோயா தீவன விலை ஏறியது. அரசு முட்டைக்கு உச்சவிலை வைத்திருந்தது. கட்டுப்படியாகாத பண்ணையாளர் கோழியைக் குறைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கடைத் தட்டுகள் வெறுமையாயின, ஆளுக்கு ஒரு தட்டுத்தான் என்று எழுதி ஒட்டிய கடைகளும் உண்டு. பிறகு நிலைமை சீரடைந்து, 2025 ஆகஸ்டு 1 முதல் விலைக்கட்டுப்பாடும் உதவித்தொகையும் நீக்கப்பட்டன.

அந்தத் தட்டுப்பாட்டின்போது அரசு வெளிநாட்டிலிருந்து முட்டை தருவித்தது. 2022 டிசம்பரில் வந்த இந்திய முட்டைகள் தமிழ்நாட்டின் நாமக்கல் பண்ணைகளைச் சேர்ந்தவை. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஊர். நம் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அங்கிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கடல் கடந்தார்கள். முட்டைகள் குளிர்பதனப் பெட்டியில் வந்தன.